ஜப்பானில் குடியிருப்பவர் ஆலயத்துக்கும் திருவிழாவுக்கும் பூங்காவுக்கும் போய்வரும் முறை

ஜப்பானுக்கு வேலைக்காகவோ படிப்புக்காகவோ வந்து குடியேறும் நம்மவர்களில் பலர், முதல் நீண்ட விடுமுறை வந்ததுமே கியோட்டோவுக்குப் பயணச்சீட்டு எடுத்துவிடுகிறார்கள். புஷிமி இனாரி ஆலயத்தின் செந்நிற வாயில் வரிசையையும் நாராவின் மான்களையும் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஜப்பானியக் கோயில்களை அறிந்துகொண்டோம் என்ற நிறைவும் வந்துவிடுகிறது. சில நாள் தங்கிச் செல்லும் பயணிக்கு அது போதும். இங்கே வீடு பிடித்து, வரி கட்டி, வட்ட அலுவலகத்தில் முகவரி பதிந்து வாழ்கிறவர் வேறோர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது, டோக்கியோவின் கிழக்குப் பகுதியில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்த பிறகு நான் உறுதியாக நம்பும் கருத்து. அந்த இடம் அவருடைய வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில், பெரும்பாலும் ஒரு பள்ளிக்கூடத்துக்கும் சலவைக் கடைக்கும் நடுவில், யாரும் படமெடுக்காத ஒரு சிறிய ஆலயமாக இருக்கும்.

ஜப்பானில் ஏறத்தாழ 80,000 ஷிண்டோ ஆலயங்கள் உள்ளன. இவற்றை ஜிஞ்ஜா என்கிறார்கள். பொதுவாக ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியும் ஏதேனும் ஒரு ஜிஞ்ஜாவின் எல்லைக்குள் அடங்கும்; அங்கே வீற்றிருக்கும் தெய்வத்துக்கு உஜிகாமி என்று பெயர். உஜி என்றால் குலம், காமி என்றால் தெய்வம். குலதெய்வமாகத் தொடங்கி, காலப்போக்கில் ஊர் எல்லையைக் காக்கும் தெய்வமாக மாறிய இந்த வரலாற்றைத் தமிழருக்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீடு எந்த உஜிகாமியின் எல்லைக்குள் வருகிறது என்பதை அறிய, அக்கம்பக்கத்தில் நெடுநாளாக இருக்கும் முதியவர் ஒருவரைக் கேட்பதே எளிய வழி. தெருச் சங்கத்தினரையும் கேட்கலாம். அதை இங்கே சோனாய்காய் என்பார்கள். இரண்டும் கைகூடாவிட்டால், ஒவ்வொரு மாகாணத்திலும் ஜிஞ்ஜாச்சோ என்ற ஆலய நிர்வாக அலுவலகம் இருக்கிறது. முகவரியைச் சொன்னால் அவர்கள் ஆலயத்தின் பெயரைச் சொல்வார்கள்.

எது ஜிஞ்ஜா, எது தேரா

இந்த வேறுபாடு தெரியாமல் எதையும் சரியாகச் செய்ய முடியாது. ஜிஞ்ஜா என்பது ஷிண்டோ ஆலயம். தேரா என்பது பௌத்தக் கோயில். பெயரின் இறுதியில் ஜிஞ்ஜா, ஜிங்கு, தைஷா என்று வந்தால் அது ஷிண்டோ. ஜி, தேரா, இன் என்று முடிந்தால் அது பௌத்தம். முகப்பில் இரண்டு தூண்களின் மேல் இரண்டு குறுக்குச் சட்டங்கள் பொருத்திய தோரி நின்றால் அது பெரும்பாலும் ஜிஞ்ஜா என்று கொள்ளலாம். கூரையிட்ட பெரிய வாயிலும் ஊதுவத்திப் புகையும் இருந்தால் தேரா. நெடுங்காலம் இரண்டும் ஒரே வளாகத்தில் கலந்தே இருந்தன. 1868ஆம் ஆண்டில் மெய்ஜி அரசு பிறப்பித்த ஆணைக்குப் பிறகுதான் அவை பிரிக்கப்பட்டன. ஆகவே இன்றும் பல இடங்களில் அவை அடுத்தடுத்து நிற்கின்றன. டோக்கியோவின் அசகுசாவில் சென்சோஜியின் பெரிய மண்டபத்தில் கும்பிட்டுவிட்டு வலப்பக்கம் சில அடிகள் நடந்தால் அசகுசா ஜிஞ்ஜா வந்துவிடும். முதல் இடத்தில் கைதட்டக் கூடாது. ஓசையின்றிக் கைகூப்பி வணங்க வேண்டும். இரண்டாம் இடத்தில் கைதட்டியே வணங்க வேண்டும். இந்தச் சில அடிகளுக்குள் கைகளின் பழக்கத்தை மாற்றிக்கொள்ளத் தெரிந்தால் பாதி மரியாதை கைவந்துவிட்டது எனலாம்.

நமக்கு நெருக்கமான தெய்வங்களும் இங்கே வேறு பெயரில் உண்டு. கையில் பிவா என்னும் நரம்பிசைக் கருவியோடு நீர்நிலைகளின் நடுவே வீற்றிருக்கும் பென்சாய்தென் நம்முடைய சரஸ்வதி. உயேனோ பூங்காவின் ஷினோபாசு குளத்திலும் கிச்சிஜோஜியின் இனோகாஷிரா பூங்காவிலும் அவருக்குச் சன்னிதி இருக்கிறது. தைஷாகுதென் என்பவர் இந்திரன். காங்கிதென் என்றும் ஷோதென் என்றும் அழைக்கப்படுபவர் பிள்ளையார். அசகுசாவில் உள்ள மட்சுச்சியாமா ஷோதென் என்ற பௌத்தக் கோயிலில் அவருக்கு வெள்ளை முள்ளங்கியைப் படைக்கிறார்கள்; மூலவர் திருவுருவம் பொதுமக்கள் பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை. முள்ளங்கியை அங்கேயே பெற்றுக்கொள்ளலாம். கொழுக்கட்டைக்குப் பழகிய நம் கையில் முழு முள்ளங்கியோடு பிள்ளையார் முன் நிற்பது விவரிக்க முடியாத ஓர் அனுபவம்.

வாயில் முதல் வணக்கம் வரை

நம் பழக்கப்படி வாயிலில் செருப்பைக் கழற்றிவிட வேண்டாம். ஜிஞ்ஜாவின் முற்றத்திலும் சன்னிதி முன்பும் காலணியோடுதான் நிற்பார்கள். மரத்தளம் போட்ட மண்டபத்துக்குள் ஏறும்போது மட்டும் கழற்ற வேண்டும். அங்கே காலுறையோடு நடப்பது வழக்கம் என்பதால் ஓட்டையில்லாத காலுறை அணிந்து செல்வது நல்லது. தோரியின் முன் ஒரு கணம் நின்று, தொப்பி இருந்தால் எடுத்துவிட்டு, இலேசாகத் தலைதாழ்த்தி உள்ளே செல்லவும். பாதையின் நடுப்பகுதி தெய்வம் நடக்கும் வழி என்பதால் ஓரமாக நடப்பார்கள். திரும்பி வெளியேறும்போதும் தோரியைக் கடந்தபின் சன்னிதியை நோக்கித் திரும்பி ஒருமுறை வணங்குவது முறை.

அடுத்தது தெமிசுயா என்ற கைகழுவும் நீர்த்தொட்டி. முதல் ஆண்டில் நான் அங்கே நீரை மொண்டு, ஊர்க் குளத்தில் செய்வதுபோல முகத்தையும் கால்களையும் கழுவத் தொடங்கிவிட்டேன். பக்கத்தில் நின்ற மூதாட்டி ஒருவர் எதுவும் பேசவில்லை. தம் கரண்டியை எடுத்து, நான் பார்க்கும்படி மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் நிறுத்தி நிறுத்திச் செய்து காட்டினார். வலக்கையால் நீண்ட காம்புள்ள கரண்டியில் நீர் மொண்டு இடக்கையைக் கழுவினார். கரண்டியை இடக்கைக்கு மாற்றி வலக்கையைக் கழுவினார். மீண்டும் வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையைக் குழித்து அதில் நீரூற்றி வாய் கொப்பளித்து, தொட்டிக்கு வெளியே குனிந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு நீரை உமிழ்ந்தார். இடக்கையை மறுபடி கழுவினார். கடைசியில் கரண்டியைச் செங்குத்தாக நிமிர்த்தியபோது, அதில் எஞ்சிய நீர் காம்பு வழியே இறங்கி அவர் பிடித்திருந்த இடத்தைக் கழுவியது. பிறகு அதைக் கவிழ்த்து வைத்தார். இத்தனைக்கும் அவர் மொண்டது ஒரே ஒரு கரண்டி நீர். அடுத்து வருபவர் பிடிக்கப்போகும் இடத்தையும் தூய்மை செய்துவிட்டுப் போகும் அந்தக் கடைசி அசைவை மட்டும் யாரும் மறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கரண்டியின் விளிம்பில் நேரடியாக வாயை வைப்பது கூடவே கூடாது. பெருந்தொற்றுக்குப் பிறகு பல ஆலயங்களில் கரண்டியை எடுத்துவிட்டு மூங்கில் குழாயில் நீர் ஓடவிட்டிருக்கிறார்கள். அங்கே கைகளை மட்டும் கழுவினால் போதும்.

சன்னிதி முன் இருக்கும் மரப்பெட்டியில் நாணயத்தை வீசி எறியாமல் மெதுவாக இட வேண்டும். ஐந்து யென்னைப் பலர் தேடி இடுவார்கள். ஜப்பானிய மொழியில் ஐந்து யென் என்பதும் நல்லுறவு என்பதும் ஒரே ஒலியில், கோ-யென் என்று வருவதே காரணம். கையில் இருக்கும் எந்த நாணயமும் ஏற்றதே. மணி தொங்கினால் கயிற்றை அசைத்து ஒலிக்கச் செய்யலாம். பிறகு இடுப்பு வளைய இரண்டு முறை தாழ்ந்து வணங்கி, மார்புக்கு நேரே கைகளைச் சேர்த்து, வலக்கையைச் சற்றுக் கீழே இழுத்து இரண்டு முறை தட்டி, விரல்களை மறுபடி ஒன்றாகச் சேர்த்து வேண்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை தாழ்ந்து வணங்க வேண்டும். இசுமோ தைஷாவில் நான்கு தட்டு. கியூஷூவின் உசா ஜிங்குவிலும் அப்படியே. வேண்டும்போது மனத்துக்குள் முதலில் பெயரையும் முகவரியையும் சொல்லி, இதுவரை காத்ததற்கு நன்றி கூறிவிட்டுப் பிறகே வேண்டுதலைச் சொல்லும்படி என் தெருவில் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டெண் வரை சொல்லச் சொன்னார்கள். இந்த எல்லைக்குள் வாழ்பவன் என்று தெய்வத்திடம் பதிவு செய்துகொள்வதுபோல் இருந்தது எனக்கு.

இங்கே பிரகார வலம் கிடையாது, தீபாராதனை கிடையாது, அன்றாடம் வருவோர்க்குப் பிரசாதம் கிடையாது. நம்மவர் சிலர் அதைக் குறையாக நினைக்கிறார்கள். சில மாதம் பழகியபின் அந்த எண்ணம் தானாக மாறும். பௌத்தக் கோயிலில் ஊதுவத்தி ஏற்றினால் சுடரை வாயால் ஊதி அணைக்கக் கூடாது, கையால் விசிறி அணைக்க வேண்டும் என்பது மட்டும் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒழுங்கு.

தீட்டு பற்றியும் ஒரு சொல். குடும்பத்தில் மரணம் நேர்ந்தால் ஷிண்டோ மரபில் ஏறத்தாழ 50 நாள் தோரியைக் கடப்பதைத் தவிர்ப்பார்கள். ஊரில் பெற்றோரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவரைச் சக ஊழியர்கள் ஆலயத்துக்கு அழைத்தால், துக்கத்தில் இருக்கிறேன் என்று சொன்னாலே போதும், காரணம் கேட்க மாட்டார்கள். பௌத்தக் கோயிலுக்குப் போக இந்தத் தடை இல்லை.

பெற்றுக்கொள்பவை

ஆலய அலுவலகத்தில் வைத்திருக்கும் காப்புப் பை ஒமாமோரி; வேண்டுதலை எழுதித் தொங்கவிடும் மரப்பலகை எமா; குறிச்சீட்டு ஒமிகுஜி. இவற்றை வாங்குவது என்று சொல்லாமல் பெற்றுக்கொள்வது என்ற சொல்லைத்தான் இங்கே பயன்படுத்துவார்கள். கொடுக்கும் பணமும் காணிக்கையாகவே கருதப்படும். ஒமாமோரியைப் பிரித்து உள்ளே பார்க்கக் கூடாது. குறிச்சீட்டில் தீய பலன் வந்தால், அதற்கென்று கட்டிவைத்திருக்கும் கம்பியில் முடிந்துவிட்டு வரலாம். மரக்கிளையில் முடிந்தால் மரத்துக்குக் கேடு. சென்சோஜியின் சீட்டுகளில் தீய பலன் அடிக்கடி வரும் என்பது டோக்கியோவில் எல்லோரும் அறிந்த செய்தி. ஆகவே அங்கே முதல் சீட்டிலேயே அப்படி வந்துவிட்டால் மனம் உடைய வேண்டாம்.

கோஷுயின் என்ற ஆலய முத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் குடியிருப்பவர்க்கு இதைவிடச் சிறந்த பயணக் குறிப்பேடு இல்லை. விசிறிபோல மடிந்திருக்கும் ஒரு சிறிய ஏட்டை ஏறத்தாழ 2,000 யென் கொடுத்து ஏதேனும் ஓர் ஆலயத்தில் பெற்றுக்கொள்ளலாம். வழிபாட்டை முடித்தபிறகே அலுவலகச் சாளரத்துக்குப் போக வேண்டும். எழுத வேண்டிய பக்கத்தை விரித்து இரு கைகளாலும் நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் சிவப்பு முத்திரையைப் பதித்து, தூரிகையால் ஆலயத்தின் பெயரையும் அன்றைய தேதியையும் எழுதி, ஈரம் மறுபக்கத்தில் படாமல் ஒரு தாளை வைத்து மூடித் தருவார். அவர் எழுதும்போது பேசக் கூடாது, படமெடுக்கக் கூடாது. காணிக்கை பொதுவாக 300 முதல் 500 யென்; சரியான சில்லறை வைத்திருப்பது பண்பு. மாலை நான்கு மணிக்கே பல அலுவலகங்கள் மூடிவிடும். ஜிஞ்ஜாவுக்கு ஓர் ஏடு, தேராவுக்கு ஓர் ஏடு என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் எங்கும் சங்கடம் நேராது. முத்திரைகளைச் சேர்ப்பதே நோக்கமாகி, சன்னிதியைத் திரும்பிப் பாராமல் சாளரத்துக்கு ஓடுகிறவர்களைக் காண எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. வழிபட்டதற்குச் சான்றாகத் தரப்படுவதுதான் இந்த முத்திரை.

பிள்ளைகளுக்கு

குழந்தை பிறந்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் உஜிகாமியிடம் தூக்கிச் செல்வது ஒமியாமைரி. மூன்று, ஏழு வயதுப் பெண் குழந்தைகளையும் ஐந்து வயது ஆண் குழந்தைகளையும் நவம்பர் 15ஐ ஒட்டிய வார இறுதிகளில் அலங்கரித்து அழைத்துச் செல்வது ஷிச்சி-கோ-சான். எங்கள் ஆலயத்தில் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறார்கள். என் மகளுக்குப் பட்டுப்பாவாடை அணிவித்தே அழைத்துச் சென்றோம். பூசாரி அவள் பெயரைப் பலமுறை சொல்லிப் பார்த்துப் பழகிக்கொண்டபிறகே மந்திரத்தைத் தொடங்கினார். இத்தகைய சிறப்பு வழிபாட்டுக்கு முன்பதிவு செய்ய வேண்டும். காணிக்கை பெரும்பாலும் 5,000 முதல் 10,000 யென் வரை. அதை வெறும் கையில் நீட்டாமல், எழுதுபொருள் கடையில் கிடைக்கும் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிய உறையில் இட்டுப் பெயரெழுதித் தர வேண்டும். வழிபாட்டின் இறுதியில் வெள்ளைத்தாள் கட்டிய சக்காகி என்ற மரத்தின் கிளை ஒன்றைக் கையில் தருவார்கள். அதை வலப்புறமாகச் சுழற்றி, காம்பு தெய்வத்தை நோக்கி இருக்குமாறு பீடத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல் இரண்டு வணக்கம், இரண்டு தட்டு, ஒரு வணக்கம்.

திருவிழா

டோக்கியோவில் வாழ்கிறவர் குறித்துவைத்துக்கொள்ள வேண்டிய பெருவிழாக்கள் சில உண்டு. மே மாத மூன்றாம் வார இறுதியில் அசகுசாவின் சஞ்ஜா மட்சூரி. ஒற்றைப்படை ஆண்டுகளில் மே நடுவில் கந்தா மட்சூரி. இரட்டைப்படை ஆண்டுகளில் ஜூனில் சன்னோ மட்சூரி. ஆகஸ்டு நடுவில் ஃபுகாகாவா ஹச்சிமான் விழா. கியோட்டோவின் கியோன் விழா ஜூலை முழுவதும் நடக்கும். 869ஆம் ஆண்டில் கொள்ளைநோய் தணிய நடத்திய வேண்டுதலில் அதன் வேர் இருக்கிறது. இவற்றைப் பார்ப்பது எளிது. விடியலில் போய்க் கயிற்றுக்கு வெளியே நின்றால் போதும். தெய்வம் எழுந்தருளும் சிவிகையான மிகோஷியை மாடியிலிருந்தோ மேம்பாலத்திலிருந்தோ குனிந்து பார்க்காதீர்கள். அதனுள் தெய்வம் இருக்கிறது என்பதால் மேலிருந்து நோக்குவது அவமதிப்பு.

பார்ப்பதோடு நிற்க வேண்டியதில்லை என்பதுதான் குடியிருப்பவர்க்குக் கிடைக்கும் பேறு. நம்மூர்ச் சப்பரத்தைத் தோளில் சுமந்தவர்க்கு மிகோஷியின் எடை உடனே பிடிபடும். பல தெருச் சங்கங்களுக்குச் சொந்தமாக மிகோஷி இருக்கும், சுமக்க ஆள் போதாமல் அவற்றில் பல திணறுகின்றன. விழாவுக்கு இரண்டு மாதம் முன்பே, வீடு வீடாகக் கைமாறிவரும் கைரான்பான் என்ற சுற்றறிக்கைப் பலகையில் செய்தி வரும். அதைப் படிக்காமல் அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடாதீர்கள். கைபேசியால் மொழிபெயர்த்துப் பார்த்து, சங்கத்தினரிடம் போய்ச் சுமக்க விரும்புவதாகச் சொல்லுங்கள். சிறு நன்கொடை கொடுத்தால் உங்கள் பெயரும் தாளில் எழுதப்பட்டு, மற்ற வீட்டாரின் பெயர்களோடு பலகையில் தொங்கும். என் பெயரைக் கத்தகானா எழுத்தில் அங்கே முதன்முதலாகப் பார்த்த நாளில்தான் இந்தத் தெரு என்னுடையது என்று உணர்ந்தேன்.

சங்கத்தின் முத்திரை பொறித்த ஹந்தென் என்ற மேலங்கியை அவர்களே இரவல் தருவார்கள்; அதை அணியாதவர் சுமைத்தண்டைத் தொடக் கூடாது. கழுத்தடியில் தடித்த துண்டொன்றை மடித்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் தோள் கன்றிப்போகும். உயரத்துக்கேற்ப வரிசை அமைப்பார்கள். கைகளால் தாங்க முயலாமல் தோளைத் தண்டோடு ஒட்டவைத்து, முன்னே இருப்பவரின் அடியோடு அடி சேர்த்து, வஷ்ஷோய் வஷ்ஷோய் என்ற கூவலின் தாளத்தில் சிறு சிறு அடியாக நகர வேண்டும். மூச்சு வாங்கினால் தண்டைவிட்டுச் சட்டென்று உள்ளே குனியாமல் வெளிப்பக்கமாக விலகினால், பின்னால் காத்திருப்பவர் உங்கள் இடத்தில் நுழைந்துகொள்வார். ஃபுகாகாவா விழாவில் தெருவின் இருபுறமும் நிற்பவர்கள் சுமப்போர்மேல் வாளி வாளியாக நீரை இறைப்பார்கள். அங்கே கைபேசியை உடன் எடுத்துச் செல்லாமல் இருப்பதே நல்லது. அவ்விழாவின் பெரிய ஊர்வலம் மூன்றாண்டுக்கு ஒருமுறை. 2023இல் அது நடந்தது.

எல்லாம் முடிந்து மிகோஷியை இறக்கியதும் அனைவரும் சேர்ந்து ஒரே தாளத்தில் கைதட்டி நிறைவு செய்வார்கள். அதன்பின் நவோராய் என்ற விருந்து. தெய்வத்துக்குப் படைத்ததை எல்லோரும் பகிர்ந்து உண்பதே அதன் பொருள். நாம் தேடிய பிரசாதம் இங்கேதான் இருக்கிறது. அதில் அரிசி மதுவும் வரும். குடிக்காதவர் கிண்ணத்தின்மேல் கையை இலேசாக வைத்து மறுக்கலாம், யாரும் வற்புறுத்துவதில்லை. குடிப்பவர் காரோட்டக் கூடாது என்பது தெரிந்ததே. மது அருந்திவிட்டுச் சைக்கிள் ஓட்டுவோர்க்கான தண்டனையும் 2024 நவம்பர் முதல் கடுமையாக்கப்பட்டிருக்கிறது.

சைவ உணவினர்க்கு விழாக் கடைகள் ஒரு சோதனை. தகோயாகியில் ஆக்டோபஸ், யாகிசோபாவில் பெரும்பாலும் பன்றி இறைச்சி, ஒகோனோமியாகியின்மேல் மீன் சீவல். அவித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய் வைத்துத் தருவதும், சுட்ட சோளமும், துருவிய பனிக்கட்டியில் பாகு ஊற்றுவதும், பஞ்சுமிட்டாயும் நம் பிள்ளைகளின் பசியைத் தீர்க்கும். குச்சியையும் தட்டையும் வாங்கிய கடையிலேயே திருப்பித் தந்துவிடலாம்.

கோடையில் பள்ளி மைதானங்களிலும் பூங்காக்களிலும் நடக்கும் போன் ஒதோரி நடனத்தில் கலந்துகொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். நடுவில் மேடை, மேலே முரசு, சுற்றிலும் வட்டம். உள்வட்டத்தில் ஆடுபவர்கள் கைதேர்ந்தவர்கள். வெளிவட்டத்தில் நின்று அவர்கள் கையைப் பார்த்து ஆடினால் மூன்றாம் சுற்றில் வந்துவிடும். கும்மி தெரிந்த பெண்கள் இரண்டாம் சுற்றிலேயே பிடித்துவிடுகிறார்கள். யுகாதா என்ற கோடை அங்கியை அணிந்தால் இடப்பக்கத் துணி மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வருமாறு உடுத்துவது இறந்தவர்க்கு மட்டுமே.

வாணவேடிக்கைக் கூட்டத்தில் காவலர் ஒருவழிப் பாதையில் சுற்றிப் போகச் சொன்னால் முணுமுணுக்காமல் போகவும். 2001 ஜூலையில் அகாஷி நகரில் வாணவேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஒரு நடைபாலத்தில் நெருக்கி, 11 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். சிறு பிள்ளைகளோடு செல்பவர்கள், கடைசி வெடிக்கு அரைமணி முன்பே கிளம்பிவிட வேண்டும்.

பூங்கா

செர்ரி மலர்ச்சியை அறிவிக்க டோக்கியோவில் வானிலைத் துறை யாசுகுனி ஆலயத்தில் உள்ள ஒரு மாதிரி மரத்தைப் பார்க்கிறது. அதில் ஐந்தாறு பூக்கள் விரிந்தால் பருவம் தொடங்கிவிட்டது. அங்கிருந்து ஏறத்தாழ ஒரு வாரத்தில் முழு மலர்ச்சி. சோமெய் யோஷினோ என்ற செர்ரி வகை மரங்கள் யாவும் ஒட்டுக்கட்டிப் பெருக்கிய ஒரே மரத்தின் வாரிசுகள் என்பதால்தான் ஓர் ஊரில் எல்லாம் சேர்ந்து பூத்துச் சேர்ந்து உதிர்கின்றன. ஹனாமி என்ற மலர் காணும் கூடலுக்கு இடம் தேர்வதில் உங்கள் நோக்கம் முக்கியம். ஆரவாரமும் கூட்டமும் வேண்டுமென்றால் 1873இல் பொதுப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட உயேனோ. அமைதி வேண்டுமென்றால் 500 யென் கட்டணத்தில் ஷின்ஜுகு கியோயென். அங்கே மது கொண்டுசெல்லத் தடை, வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை, மலர்ச்சி உச்சத்தில் சில நாள்களுக்கு முன்பதிவும் தேவைப்படும். விரிப்பை மரத்தின் வேர்ப்பகுதியில் போடாதீர்கள். மண் இறுகினால் மரம் நலியும். கிளையைப் பிடித்து வளைத்துப் படமெடுப்பதை இங்குள்ளவர்கள் கடிந்து சொல்ல மாட்டார்கள், ஆனால் அவர்கள் மனம் அதில் மிகவும் புண்படும். விரிப்பில் ஏறும்போது காலணியைக் கழற்ற வேண்டும். குப்பையை உங்கள் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் போட வேண்டும்.

செர்ரிக்கு மட்டும் பூங்காவுக்குப் போகிறவர்கள் ஆண்டின் பெரும்பகுதியை இழக்கிறார்கள். பிப்ரவரியில் யுஷிமா தென்ஜினின் பிளம் மலர்கள், ஏப்ரலில் நெசு ஜிஞ்ஜாவின் அசேலியாச் சரிவு, அம்மாத இறுதியில் கமேய்தோ தென்ஜினின் ஊதாக் கொடிப்பந்தல், ஜூனில் மெய்ஜி ஜிங்குவின் உள்தோட்டத்து ஐரிஸ் மலர்கள் என்று வரிசையாக வரும். மெய்ஜி ஜிங்குவின் 70 ஹெக்டேர் காடு இயற்கையாக வளர்ந்தது என்றே பலர் எண்ணுகிறார்கள். 1920இல் ஆலயம் எழுந்தபோது நாடெங்கும் மக்கள் அன்பளிப்பாக அனுப்பிய ஏறத்தாழ ஒரு லட்சம் மரங்களை நட்டு, பிறகு மனிதக் கை படாமல் விட்டதால் உண்டான காடு அது. உதிர்ந்த இலைகளைப் பாதையிலிருந்து பெருக்கி மீண்டும் காட்டுக்குள்ளேயே கொட்டுகிறார்கள். காலையில் நெடிய துடைப்பத்தோடு நடப்பவர்களைக் கவனித்துப் பாருங்கள்.

நாராவின் மான்களுக்கு அங்கே விற்கும் மான் பிஸ்கட்டைத் தவிர எதையும் தரக் கூடாது. தீர்ந்ததும் இரு கைகளையும் விரித்துக் காட்டினால் விலகிப்போகும். இலையுதிர் காலத்தில் ஆண் மான்களிடமும், குட்டி ஈனும் முன்கோடையில் தாய் மான்களிடமும் நெருங்க வேண்டாம்.

வீட்டருகே உள்ள சிறு பூங்காவுக்கும் சட்டம் உண்டு. பந்தாட்டம், வாணம், இரவில் உரத்த பேச்சு ஆகியவை பல பூங்காக்களில் தடை. பலகையில் எழுதியிருப்பதை முதல் நாளே மொழிபெயர்த்துப் படித்துவிடுங்கள். இரவு பத்து மணிக்குப் பூங்காப் பலகையில் அமர்ந்து ஊருக்குத் தொலைபேசியில் உரக்கப் பேசுவதைத்தான் நம்மவரைப் பற்றிய முறையீடாக நான் அதிகம் கேட்டிருக்கிறேன். அடுப்பு மூட்டிச் சமைக்க விரும்புவோர் கசாய் ரின்காய் பூங்காபோல அதற்கென இடம் ஒதுக்கிய பூங்காவில் பதிந்துகொள்ள வேண்டும்.

அதே சிறு பூங்காவுக்குக் காலை 6.25 மணிக்குப் போய்ப் பாருங்கள். முதியவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள். ஒருவர் பழைய வானொலிப் பெட்டியைப் பலகைமேல் வைத்து முறுக்குவார். 6.30க்குப் பியானோ ஒலி எழும்பியதும் அத்தனை பேரும் கைகளை உயர்த்துவார்கள். 1928இல் தொடங்கிய வானொலி உடற்பயிற்சி இது, பத்தே நிமிடம். பின்வரிசையில் நின்றால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஒரு வாரம் தொடர்ந்து போனால் வணக்கம் சொல்வார்கள். ஒரு மாதத்தில் உங்கள் உஜிகாமி எது, விழா எப்போது, ஹந்தென் யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் கேட்காமலே தெரிந்துவிடும்.

ஆண்டின் இரு முனைகள்

ஜூன் 30இல் ஆலயத்தின் முன் புல்லால் பின்னிய ஆளுயர வளையம் நிற்கும். இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம் என்று எட்டு வடிவில் அதைக் கடந்து அரையாண்டின் அழுக்கைக் கழிப்பார்கள். டிசம்பர் 31 நள்ளிரவில் பௌத்தக் கோயில்களில் 108 முறை மணியடிப்பார்கள். அந்த எண்ணின் பொருள் நமக்கும் அந்நியமானதல்ல. சில கோயில்களில் முன்வரிசையில் வருபவர்க்கு அடிக்கும் வாய்ப்புத் தருவார்கள், பதினொரு மணிக்கே போய் எண் சீட்டு வாங்க வேண்டும். அங்கிருந்து நேராக உஜிகாமியிடம் சென்று புத்தாண்டின் முதல் வணக்கத்தைச் செலுத்தலாம். முதல் மூன்று நாளில் ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் மெய்ஜி ஜிங்குவுக்கு வருவார்கள். உங்கள் தெரு ஆலயத்தில் முப்பது பேர் வரிசையில் இருப்பார்கள், அவர்களில் பாதிப் பேர் காலையில் உடன் உடற்பயிற்சி செய்பவர்கள். போகும்போது கடந்த ஆண்டின் ஒமாமோரியை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். வாயிலருகே பழையவற்றைச் சேர்க்கும் பெட்டி இருக்கும். அதில் இட்டால் ஜனவரி நடுவில் ஆலய முற்றத்தில் தீ வளர்த்து எரிப்பார்கள். பிளாஸ்டிக் உறை இருந்தால் அதை மட்டும் முன்பே கழற்றிவிட வேண்டும்.